சுற்றுச்சூழல் துறையில் தொழிற்பயிற்சிக்குப் போனால் உண்மையில் என்ன வேலை தருவார்கள்? மரம் நடச் சொல்வார்களா, ஆபீசில் ஃபைல் அடுக்கச் சொல்வார்களா?

எனக்குக் கிடைத்தது நாற்றம்.

கோல சிலாங்கூர் மாவட்டத்தில் ஒரு தோட்டப் பட்டணம் என் ஊர். ஒரு காலத்தில் பால்மரம், இப்போது கண்ணுக்கெட்டிய தூரம் வரை செம்பனை. மூன்றாம் ஆண்டு முடிந்ததும், ஆலைகளின் கழிவுநீரைச் சோதிக்கும் சிறிய ஆய்வுக்கூடம் ஒன்றில் 12 வாரம் பயிற்சி. மாதம் 500 வெள்ளி. பெட்ரோலுக்கும் ஒட்டுக்கடை மீ கோரேங்குக்குமே சரியாகப் போனது.

முதல் வாரம் போத்தல் கழுவினேன். வேறு எதுவும் இல்லை.

இரண்டாம் வாரம் ஆலைக்குக் கூட்டிப் போனார்கள். ஒரு டன் குலையிலிருந்து சுமார் 200 கிலோ எண்ணெய் வரும். கழிவுநீர் 600 லிட்டருக்கு மேல் வரும். இருபது வருடம் செம்பனைக்கு நடுவிலேயே வளர்ந்தவளுக்கு இந்தக் கணக்கு அன்றுதான் தெரிந்தது. அந்த நீர் 80 டிகிரிக்கு மேல் கொதியும் புளிப்புமாக, தேத்தண்ணி நிறத்தில் வெளியே வரும். அதன் பிஓடி, அதாவது அதிலிருக்கும் அழுக்கைத் தின்ன நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன், லிட்டருக்கு 25,000 மில்லிகிராம் அளவில் இருக்கும். வீட்டுச் சாக்கடையில் இது சில நூறுதான்.

இதைக் குளம் குளமாக வாரக்கணக்கில் தேக்கி வைத்துத்தான் அடக்குகிறார்கள். குளங்களைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் ஒருவர் இருந்தார். நான் புளிப்பை அளக்கும் பிஎச் மீட்டரை எடுத்து, துடைத்து, கம்பியை நீருக்குள் விடுவதற்குள் அவர் கரையில் நின்றபடியே சொல்லிவிடுவார்: "தங்கச்சி, குமிழியப் பாரு. சீராக் கெளம்பிச்சுன்னா குளம் மூச்சு விடுது. இந்தக் குளத்துக்கு இன்னிக்கு மூச்சுத் திணறல்." மீட்டர் 6.2 காட்டியது. 7-ஐ ஒட்டி இருக்க வேண்டிய இடம்; எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம். குலை அதிகமாக வரும் மாதங்களில் புளித்த நீர் அளவுக்கு மீறி உள்ளே போனால் மீத்தேன் விடும் நுண்ணுயிர்கள் சுணங்கிவிடும். அமிலம் சேரும், அழுகின முட்டை வாடை கிளம்பும். அண்ணன் வரத்தைக் குறைத்துவிட்டு, அடுத்த குளத்து நீரைப் பம்ப் போட்டுத் திருப்பி விட்டார். அடுத்த வாரம் போனபோது குமிழி வந்திருந்தது. மூன்று வருடப் படிப்பில் ஏறாதது அந்தக் கரையில் ஏறியது.

என் கூத்தையும் சொல்லிவிடுகிறேன். பாடப்புத்தகங்களில் பிஓடி சோதனைக்கு 20 டிகிரியில் 5 நாள். மலேசிய விதிப்படி 30 டிகிரியில் 3 நாள். நான் ஒரு வியாழக்கிழமை ஆர்வக் கோளாறில் போத்தல்களை இன்குபேட்டரில் வைத்துவிட்டேன். மூன்றாம் நாள் ஞாயிறு, கூடம் பூட்டு. திங்கட்கிழமை திறந்தபோது நான்கு நாள் ஆகியிருந்தது. பாரத்தில் '3' என்று எழுதினால் யாருக்குத் தெரியப்போகிறது? நேர்மையாக இருந்தேன் என்றெல்லாம் பெருமையடிக்க மாட்டேன். எழுதத்தான் போனேன், வேதியியல் அக்கா பார்த்துவிட்டார். அத்தனையும் தொட்டியில் கொட்டச் சொன்னார். ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் ஆலைக்கு.

எங்கள் பாட்டி தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்கியவர். 'அப்பல்லாம் அல்லூரு கருப்பாத்தான் ஓடும், மீன் மெதக்கும்' என்பார். மிகைப்படுத்துகிறார் என்று நினைத்திருந்தேன். 1974-ல் சுற்றுச்சூழல் தரச் சட்டம் வந்து, 1977-ல் செம்பனை ஆலைகளுக்கென்று விதிமுறைகள் எழுதினார்கள். அவை நடைமுறைக்கு வந்த 1978-ல் ஆற்றில் விடலாம் என்று அனுமதித்த பிஓடியே 5,000. படிப்படியாகக் குறைத்து 1984-ல்தான் 100-க்குக் கொண்டுவந்தார்கள். பாட்டி சொன்னது அந்த 5,000-க்கும் முந்திய கதை.

நீங்கள் போவதாக இருந்தால், மோட்டார் லைசென்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள், அறிக்கை எழுதுமளவு மலாயைத் தீட்டிக்கொள்ளுங்கள். ஆபீசிலேயே உட்கார வைத்தால் வெட்கப்படாமல் கேட்டு ஆலைக்குப் போங்கள். அலுவலகத் தோரணை எதிர்பார்ப்பவர்களுக்கு இந்த வேலை பிடிக்காது. என் தோழி இரண்டே வாரத்தில் இடம் மாற்றிக்கொண்டாள்; அவளைக் குறை சொல்ல மாட்டேன், அந்த வாடை தலைமுடியில் இரண்டு நாள் இருக்கும்.

எங்கள் ஊரில் சில இரவுகளில் அதே வாடை வரும். வந்தால் மழை வரும் என்பது அம்மாவின் கணக்கு. பயிற்சி முடிந்து வந்த கையோடு, "அது மழை இல்லம்மா, எங்கயோ குளம் புளிச்சிருக்கு" என்று பிஎச் கணக்கெல்லாம் விளக்கினேன். அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டுக் கொடியில் கிடந்த துணியை எடுக்கப் போனார். பத்து நிமிடத்தில் கொட்டியது.