ராகம் போட்டு வாசிக்கும் பிள்ளைகள்

மதிப்பிற்குரிய ஐயா,

நான் ஒரு தொடக்கப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு ஆசிரியை. என் மாணவர்கள் எழுத்துக்கூட்டும் நிலையைக் கடந்துவிட்டார்கள். ஆனால் எந்தப் பாடமானாலும் ஒவ்வொரு சொல்லின் ஈற்றையும் இழுத்து, ஒரே ராகத்தில் வாசிக்கிறார்கள். "உணர்ச்சியோடு வாசி" என்றால் கத்துகிறார்கள். இதே பிள்ளைகள் மதிய உணவு வேளையில், நாய் துரத்திய கதையை எவ்வளவு அழகாகச் சொல்கிறார்கள்! புத்தகத்தைத் திறந்ததும் அந்தக் குரல் எங்கே போய்விடுகிறது?

ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு,

நாய் துரத்திய கதையைச் சொல்லும் குழந்தைக்கு, வாக்கியத்தைத் தொடங்கும்போதே அது எங்கே போய் முடியும் என்பது தெரியும். புத்தகத்தில் அது தெரியாது. தமிழில் இந்தச் சிக்கல் சற்றுக் கூடுதல். வினைமுற்று பெரும்பாலும் இறுதியில்தான் வருகிறது. "வந்தானா", "வந்தானாம்", "வந்தானோ" என்று கேள்வியையும் கேள்விப்பட்டதையும் ஐயத்தையும் காட்டுகிற ஒட்டுகளும் பல நேரங்களில் அதன் வாலில்தான் இருக்கின்றன. ஆகவே ஒரு வாக்கியத்தை முதன்முறையாகப் பார்த்து உரக்க வாசிக்கும் குழந்தை, அது கேள்வி என்பதையே கடைசி எழுத்துக்கு வந்த பிறகுதான் அறிகிறது. அதற்குள் குரல் தட்டையாகவே வாக்கியத்தைக் கடந்திருக்கும். ஈற்றை இழுப்பதும் சோம்பலன்று, அடுத்த சொல்லைக் கண் கூட்டி முடிக்கும்வரை வாய் வாங்கிக்கொள்ளும் அவகாசம் அது. (ஒருவர் இழுத்தால் வகுப்பே சேர்ந்து இழுக்கும், எல்லோரையும் ஒரே குரலில் வாசிக்கச் சொல்லும் நம் பழைய வழக்கத்திற்கு அதில் பெரும்பங்கு உண்டு.)

எனவே, அறியாத பத்தியைக் கையில் கொடுத்து, எழுப்பி நிறுத்தி, உணர்ச்சியை எதிர்பார்ப்பது நியாயமாகாது. முதலில் நீங்கள் வாசியுங்கள். பிள்ளைகள் வரியில் விரல் வைத்துத் தொடரட்டும். பிறகு கதையைத் தங்கள் பேச்சுமொழியில் சொல்லிவிட்டு, அதே சிறு பத்தியை மூன்று நான்கு முறை வாசிக்கட்டும். சிறு பகுதியைச் சரளம் வரும்வரை திரும்பத் திரும்ப வாசிக்கச் செய்யும் இம்முறையை, அமெரிக்கக் கல்வி உளவியலாளர் ஜே சாமுவேல்ஸ் 1979இல் விரித்து எழுதினார். மனப்பாடமாகிவிடுமே என்று அஞ்ச வேண்டாம். கண் எழுத்தின் மேல் இருக்கும்வரை கவலையில்லை.

அடுத்தது, எங்கே நிறுத்துவது என்பது. காற்புள்ளி நமக்கு அச்சோடு வந்த விருந்தாளி. ஓலைச்சுவடி வாசித்தவர்கள் பொருளைக் கண்டுதான் நிறுத்தினார்கள். கரும்பலகையில் இப்படி எழுதுங்கள்: "அம்மா அழுதுகொண்டே ஓடிய குழந்தையைப் பிடித்தாள்." அழுதது யார்? "அம்மா" என்று நிறுத்தி வாசித்தால் குழந்தை அழுகிறது. "அம்மா அழுதுகொண்டே" என்று நிறுத்தினால் அம்மா அழுகிறாள். இரண்டையும் வாசித்துக் காட்டத் தெரிந்த பிள்ளைக்கு உணர்ச்சி வெளிப்பாடு என்று தனியாக ஒன்றைக் கற்பிக்க வேண்டியதில்லை. "நீயா எடுத்தாய்?" என்பதையும் "நீ எடுத்தாயா?" என்பதையும் அருகருகே எழுதினால், கேள்வியைக் காட்டும் 'ஆ' ஒலி இருக்கும் இடத்தில் குரல் தானாக ஏறுவதைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள்.

கத்துவதற்கு மருந்து, "உணர்ச்சி" என்ற சொல்லை வகுப்பிலிருந்து எடுத்துவிடுவதுதான். பேச்சுப்போட்டி மேடைகள் அந்தச் சொல்லுக்கு உரத்த குரல் என்ற பொருளைக் கொடுத்துவிட்டன. அதற்குப் பதிலாக, "இதை யார் யாரிடம் சொல்கிறார்கள், பக்கத்தில் யார் இருக்கிறார்கள்?" என்று கேளுங்கள். தம்பி தூங்கும்போது அம்மா சொல்லும் வரி என்று தெரிந்தால், குரல் தானே இறங்கிவிடும்.

அந்த "அம்மா அழுதுகொண்டே" வாக்கியத்தில் உங்கள் வகுப்பு எந்தப் பக்கம் சேர்ந்தது என்று அறிய ஆவல், முடிந்தால் எழுதுங்கள்.

அன்புடன்.