ஓடுகிற ஆற்றுக்குள் பாலத் தூணுக்கு அஸ்திவாரம் எப்படிப் போடுகிறார்கள்? தண்ணீரை நிறுத்திவிட்டா?

முழு ஆற்றையும் யாரும் நிறுத்துவதில்லை. நம்மூர் ஆறுகள் கோடையில் மணலாகத்தான் கிடக்கும், அதனால் பெரும்பாலான வேலை அந்த மாதங்களிலேயே ஓடிவிடும். தண்ணீர் இருந்தால் தூண் வரும் இடத்தில் மட்டும் மண் கொட்டித் திட்டு போட்டு அதன்மேல் துளை போடும் ரிக் இயந்திரத்தை ஏற்றுவார்கள், ஆழம் அதிகமென்றால் மிதவை. பால வேலை சைட்டில் இருந்தவன் என்கிற முறையில் சொல்கிறேன், பெரிய தலைவலி தண்ணீர் இல்லை, மணல்தான்.

வெள்ளத்தில் தூணைச் சுற்றி நீர் சுழன்று மணலைத் தோண்டிக்கொண்டு போய்விடும். வடியும்போது அதே குழியில் புது மணல் வந்து படிந்துவிடுவதால், கோடையில் போய்ப் பார்த்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். அதனால்தான் லாரி பாரத்தை மட்டும் வைத்து ஆழத்தை முடிவு செய்வதில்லை. சராசரி அரிப்பு வெள்ள மட்டத்திலிருந்து 8 மீட்டர் என்று கணக்கு வந்தால், தூணடியில் அதைப்போல இரண்டு மடங்கு, அதாவது 16 மீட்டர் என்று எடுத்துக்கொண்டு, அதற்கும் கீழே மூன்றில் ஒரு பங்கு பிடிமானம் விடுவது நம் நாட்டுப் பால விதி. ஆக 21 மீட்டரைத் தாண்டிவிடும். திருச்சி கொள்ளிடத்தில் 1928இல் கட்டிய பழைய பாலம் 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் தூண் சரிந்து உடைந்ததே, அப்போது அதில் வண்டியே போகவில்லை, பக்கத்துப் புதுப் பாலத்துக்குப் போக்குவரத்தை மாற்றி இரண்டு வருடம் ஆகியிருந்தது! வங்கதேசத்தின் பத்மா ஆற்றில் 3 மீட்டர் விட்டமுள்ள இரும்புக் குழாய்களைச் சுமார் 120 மீட்டர் வரை அடித்து இறக்கியதும் இந்த அரிப்புக்குப் பயந்துதான்.

இங்கே நான் சொல்கிற அஸ்திவாரம் பைல், அதாவது ஆற்றுப் படுகையில் ஆழமாகக் குழி துளைத்துக் கம்பியும் கான்கிரீட்டும் நிரப்பிச் செய்கிற தூண். சரி, அந்தத் துளைக்குழி எப்படிச் சரியாமல் நிற்கிறது? மேலே சில மீட்டருக்கு லைனர் என்கிற இரும்பு உறைக்குழாய், அதற்குக் கீழே பென்டோனைட் கரைசல், அவ்வளவுதான். சாம்பல் நிறத்தில் மோர் மாதிரி இருக்கிற அந்தக் களிமண் கரைசலின் அழுத்தம்தான் மணலைப் பிடித்து நிறுத்துகிறது. அடிவரை தோண்டி, அடியில் தங்கிய வண்டலைக் கழுவி எடுத்து, கம்பிக்கூட்டைத் துண்டு துண்டாக இணைத்து இறக்கியபின் டிரெமி குழாய் வழியாகக் கான்கிரீட்டை அடியில் கொண்டுபோய் விடுவார்கள். அது கீழிருந்து ஏற ஏற, பென்டோனைட் மேலே வழிந்து வெளியேறும். குழாயின் நுனி எப்போதும் கான்கிரீட்டுக்குள் இரண்டு மீட்டராவது புதைந்திருக்க வேண்டும். அதற்காக ஒருவர் கயிற்றில் எடை கட்டிக் குழிக்குள் விட்டு மட்டம் பார்த்துக்கொண்டே இருப்பார். குழாயை அவசரப்பட்டு உருவினால் நடுவில் சேறு புகுந்து பைல் இரண்டு துண்டாகிவிடும், அது வெளியே தெரியவும் தெரியாது. ரெடிமிக்ஸ் லாரி வழியில் மாட்டிக்கொண்டால் சைட்டில் எல்லாருக்கும் வயிற்றைக் கலக்குவது இதனால்தான்.

பைலின் தலைப்பகுதியில் சேறு கலந்த கான்கிரீட் நிற்கும். அதை உடைத்து நல்ல கான்கிரீட் தெரிந்த பிறகு, தலையில் சுத்தியால் தட்டி அதிர்வலையை அளந்து உள்ளே உடைசல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அப்புறம்தான் பைல் தலைகளைச் சேர்த்துப் பிடிக்கிற கான்கிரீட் மேடையான பைல் கேப், அதன்மேல் பாலத் தூண் எல்லாம்.