அடுப்படிக்குள்ளும் போங்கள், மிஸ்ஸி

கேள்வி: மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் தாதி (மிஸ்ஸி) நான். தோட்டத்திலிருந்து தாமானுக்கு (வீடமைப்புப் பகுதிக்கு)க் குடிவந்த ஒரு குடும்பத்தில், பக்கவாதத்தில் படுத்துவிட்ட பாட்டியை மருமகள் ஒருவரே பார்த்துக்கொள்கிறார். போன வாரம் என் முன்னாலேயே பாட்டியைத் திட்டிவிட்டு, அடுப்படியில் போய் அழுதார். நான் புண்ணுக்கு மருந்து கட்டிவிட்டு வந்துவிட்டேன். வேறென்ன செய்திருக்கலாம்?

பதில்: தங்கச்சி, அந்த அடுப்படிக்குள் நீங்களும் போயிருக்கலாம். அடுத்த முறை போங்கள். பாட்டி காதில் விழாதபடி, "ராத்திரி எவ்வளவு நேரம் தூங்குறீங்க?" என்று கேளுங்கள். "எப்படி இருக்கீங்க?" என்றால் "பரவாயில்லை மிஸ்ஸி" என்று முடித்துவிடுவார்.

படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வையுங்கள் என்று சொல்லி அனுப்புகிறோம். அதை விடிய விடிய அலாரம் வைத்து ஒற்றை ஆளாகச் செய்கிறவர் பகலில் எரிந்து விழாமல் என்ன செய்வார்? காற்று மெத்தை போட்டால் இரவில் மட்டும் இடைவெளியை நீட்டலாமா என்று டாக்டரிடம் நீங்களே கேட்டுச் சொல்லுங்கள். அப்புறம், மகன் வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்து ஒருநாள் போங்கள். பாட்டிக்கு அடியில் விரித்த துணியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் புரட்டுவதை இருவருக்கும் சேர்த்துக் காட்டுங்கள். "இனி ராத்திரி பன்னிரண்டு மணி முறை உங்களோடது" என்று மனைவி சொன்னால் சண்டையாகும். மிஸ்ஸி சொன்னால் கேட்பார். உங்கள் சீருடைக்கு அந்த மரியாதை இருக்கிறது, தாராளமாகப் பயன்படுத்துங்கள்.

படுத்த படுக்கையாக இருப்பவரைப் பராமரிக்கும் ஏழைக் குடும்பங்களுக்குச் சமூக நல இலாகா மாதாந்திர உதவி தருகிறது. "நமக்கெல்லாம் எங்கே கிடைக்கும்" என்று பலர் மனுவே போடுவதில்லை. மனுப் பாரத்தைக் கையில் கொடுங்கள், டாக்டரின் சான்றுக்கும் வழி செய்யுங்கள்.

திட்டியதைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருக்கச் சொல்லவில்லை. பாட்டி உடம்பில் கன்றிப்போன தடம் தெரிந்தாலோ, சாப்பாடு சரியாகப் போகவில்லை என்று பட்டாலோ மேலதிகாரியிடம் சொல்லியே ஆக வேண்டும். மருமகள் "செத்தா தேவலை" என்றால் அதையும் வெறும் பேச்சாக விடாதீர்கள். அன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள். சுகாதார அமைச்சின் மனநல உதவி எண் 15555-ஐயும் அவருக்குக் கொடுங்கள்.

அரசு கிளினிக்கின் வீட்டுப் பராமரிப்புச் சேவை, குடும்பத்தைப் பழக்கிவிட்டு விலகுவதற்காக ஏற்பட்டது. திடீரென்று நின்றுவிடாமல் முன்கூட்டியே சொல்லுங்கள். காய்ச்சல் வந்தால், புண் நாறினால் யாரைக் கூப்பிடுவது என்று பெரிய எழுத்தில் தமிழில் எழுதி, ஐஸ்பெட்டியில் ஒட்டிவிட்டு வாருங்கள்.