இணையவழித் தொலைபேசிக்கும் பழைய தொலைபேசிச் சட்டங்கள் பொருந்த வேண்டுமா?

வேண்டும். எல்லாச் சட்டமும் வேண்டும் என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு எண்ணைக் கொடுத்து, மாதக் கட்டணம் வாங்கி, "இதுதான் இனி உங்கள் வீட்டு போன்" என்று விற்கிற நிறுவனத்துக்குப் பழைய தொலைபேசிக்கு இருந்த கடமைகள் இருந்தே ஆகவேண்டும். நீங்கள் அநேகமாக லேண்ட்லைனை எடுத்துவிட்டு இதற்கு மாறலாமா என்று யோசிக்கிறீர்கள். அப்படியென்றால் எங்கள் வீட்டில் நடந்ததைப் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

அப்பாவும் அம்மாவும் வீடு மாறியபோது பழைய எண்ணை விட மனமில்லை, சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் தெரிந்த எண். இணையப் போனில் அது ஒரு வசதி, போனை இணையத்தோடு இணைக்கும் அந்தச் சின்னப் பெட்டியைக் கையோடு கொண்டுபோய்ப் புது வீட்டு ரவுட்டரில் செருகினால் அதே எண் மணியடிக்கும். புது முகவரியை நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்தோம், மாற்றிவிட்டோம் என்று பதில் வந்தது, பில்லும் புது வீட்டுக்கே வந்துகொண்டிருந்தது. அப்புறம் ஒரு நள்ளிரவில் அம்மாவுக்கு மூச்சுத்திணறல். அப்பா அந்தப் போனில்தான் அவசர எண்ணை அழைத்தார். பதற்றத்தில் அவருக்கு வார்த்தையே வரவில்லை, எதிர்முனையில் இருந்தவர் "முகவரி திரையில் தெரிகிறது ஐயா, வண்டி கிளம்பிவிட்டது" என்று தைரியம் சொல்லியிருக்கிறார். அப்பா வாசல் விளக்கைப் போட்டு, கேட்டையும் திறந்து வைத்துவிட்டு, தெருவைப் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறார். வண்டி போய் நின்றது பழைய வீட்டு வாசலில். பக்கத்து வீட்டுக்காரர் தன் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனதால் அம்மா பிழைத்தார். "அதான் ஒன்றும் ஆகவில்லையே" என்று தயவுசெய்து யாரும் கீழே எழுத வேண்டாம்.

பிறகு விசாரித்தால், பில் அனுப்பும் முகவரி ஒரு பதிவாம், அவசர அழைப்புக்குப் போகும் முகவரி இன்னொரு பதிவாம். முதலாவதை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். அதற்காக அவர்கள் யாருக்கும் பதில் சொல்ல வேண்டிய அவசியம் இருக்கவில்லை, எனக்குப் பொறுக்காதது அதுதான்.

பழைய தாமிரக் கம்பி எண்ணை ஒரு வீட்டோடு கட்டிப்போட்டது, எந்தக் கம்பி எந்த வீட்டுக்குப் போகிறது என்பது தொலைபேசி நிலையத்துக்குத் தெரியும். மின்சாரமும் நிலையத்திலிருந்தே அதே கம்பியில் 48 வோல்ட் அளவில் வந்துவிடும், ஊரே இருட்டானாலும் டயல் ஓசை கேட்கும். இணையப் போனில் எண்ணுக்கு ஊரும் இல்லை, வீடும் இல்லை. பதிவில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் முகவரி. கரண்ட் போனால் ரவுட்டர் அணையும், கூடவே போனும் அணையும். வாங்குகிற எத்தனை பேருக்கு இது தெரியும்?

கட்டுப்பாடு வந்தால் புதுமை செத்துவிடும் என்று ஒரு கூட்டம் எப்போதும் சொல்லும். அமெரிக்காவின் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசி 2005 மே மாதமே, சாதாரணத் தொலைபேசி எண்களோடு இருபக்கமும் பேச வழிசெய்யும் இணையப் போன் நிறுவனங்கள் அவசர அழைப்பை அழைப்பவரின் இருப்பிடத்தோடு சேர்த்து அனுப்பியே தீரவேண்டும் என்று உத்தரவிட்டது, அதற்குக் கொடுத்த அவகாசம் 120 நாள். அவசர அழைப்பில் என்னென்ன குறை இருக்கலாம் என்று வாடிக்கையாளருக்குச் சொல்லி ஒப்புதல் வாங்கவேண்டும், கருவியில் ஒட்ட எச்சரிக்கை ஸ்டிக்கரும் தரவேண்டும் என்றது. அதனால் அந்தத் தொழில் அழிந்துவிடவில்லை. பிரிட்டனில் மின்தடையின்போது குறைந்தது ஒரு மணி நேரமாவது அவசர அழைப்புக்கு வழி இருக்கவேண்டும், இந்தப் போனை மட்டுமே நம்பியிருப்பவர்களுக்கு அதை இலவசமாகச் செய்துதர வேண்டும் என்று ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் சொல்லியிருக்கிறது. நான் கேட்பது இவ்வளவுதான்.

இதைச் சாக்காக வைத்து வாட்ஸ்அப் அழைப்புக்கெல்லாம் லைசென்ஸ், வரி என்று யாராவது கிளம்பினால் நான் அந்தப் பக்கம் இல்லை. ஒரு செயலியிலிருந்து இன்னொரு செயலிக்குப் பேசுவது வேறு, அந்தச் செயலி யாருக்கும் புது எண் கொடுப்பதும் இல்லை, வீட்டு போன் என்று யாரும் அதை விற்பதும் இல்லை. 2004இல் எஃப்சிசியே, கணினியிலிருந்து கணினிக்குப் பேசும் ஒரு சேவையைத் தொலைத்தொடர்புச் சேவை அல்ல என்று விட்டுவிட்டது, அது சரியான முடிவு. 1996இல் அமெரிக்கத் தொலைபேசி நிறுவனங்களின் சங்கம் ஒன்று இணையப் போன் மென்பொருள் விற்பனையையே நிறுத்தச் சொல்லி மனு போட்டதே, அது தங்கள் வருமானத்தைக் காப்பாற்ற. அதோடு என்னைச் சேர்த்துவிடாதீர்கள்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், கேள்விக்குச் சம்பந்தம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. போன் விற்கிற அந்த நிறுவனத்தைப் போனில் பிடிக்க முடியவில்லை. மறுநாள் காலையில் நடந்ததைச் சொல்ல நான் அழைத்தால் பதிவு செய்த குரல் ஒன்று இணையதளத்துக்குப் போகச் சொல்கிறது, அங்கே போனால் ஒரு சாட்பாட், "அம்மா", "ஆம்புலன்ஸ்" என்று நான் எழுத எழுத பில் கட்டுவது எப்படி என்று அது விளக்குகிறது. ஒரு மனிதர் பேசக் கிடைப்பதற்கும் சட்டம் போடவேண்டும் என்றால் போடட்டும்.

மாறுவதென்று முடிவெடுத்துவிட்டால், அவசர அழைப்புக்கு எந்த முகவரி பதிவாகியிருக்கிறது என்று தனியாகக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள், வீடு மாறினால் மறுபடி கேளுங்கள். ரவுட்டர், போன் பெட்டி இரண்டுக்கும் பேட்டரி வையுங்கள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் சார்ஜ் போட்ட ஒரு செல்போனும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.