எடை இறங்கி, மறுபடி ஏறி, சலித்துப்போனவர்களுக்கு: கேள்வி பதில்

எடையைக் குறைத்து, அது திரும்ப ஏறி, "இனிமேல் என்னால் ஆகாது" என்று உட்கார்ந்துவிட்டவர்கள் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன். என்னைப் பற்றி இரண்டு வரி: மதுரையில் 16 வருடமாக டயட்டீஷியனாக இருக்கிறேன். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு எனக்கு 21 கிலோ கூடியது. இரண்டு முறை இறக்கினேன், இரண்டு முறையும் ஏறிவிட்டது. மூன்றாவது முறை இறங்கியதில் 14 கிலோ, ஏழு வருடமாக ஏறாமல் நிற்கிறது.

மேடம், வயது 38. மூன்று தடவை பத்துப் பத்து கிலோ குறைத்தேன். மூன்று தடவையும் வட்டியோடு திரும்ப வந்துவிட்டது. "உனக்கு வைராக்கியம் பத்தாது" என்கிறார் கணவர். அதுதான் காரணமா?

பத்து கிலோவை மூன்று தடவை இறக்கியவரிடம் வைராக்கியம் பத்தாது என்று நான் சொல்லவே மாட்டேன். பட்டினி வந்தால் எந்த உடம்பும் என்ன செய்யுமோ அதைத்தான் உங்கள் உடம்பும் செய்திருக்கிறது.

1944-ல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்பவர், ஆரோக்கியமான 36 இளைஞர்களை 24 வாரம் அரைப் பட்டினியில் வைத்துப் பார்த்தார். போரில் பட்டினி கிடந்த மக்களை எப்படித் தேற்றுவது என்று தெரிந்துகொள்ளத்தான் அந்தச் சோதனை. நாளுக்குச் சுமார் 1,570 கலோரி கொடுத்து, நிறைய நடக்கவும் வைத்தார்கள். எடையில் கிட்டத்தட்ட கால்வாசி போனது. கூடவே அந்த இளைஞர்கள் எந்நேரமும் சாப்பாட்டைப் பற்றியே பேச ஆரம்பித்தார்கள். சமையல் புத்தகங்களைச் சேர்த்துவைத்துப் படித்தார்கள். சின்ன விஷயத்துக்கும் எரிந்து விழுந்தார்கள். சோதனை முடிந்து வேண்டிய மட்டும் சாப்பாடு கிடைத்த பிறகும் பலருக்குப் பசி அடங்கவில்லை. அந்த 1,570 என்ற எண்ணைக் கொஞ்சம் பாருங்கள். என்னிடம் வருகிறவர்கள் கையோடு கொண்டுவரும் டயட் சார்ட்டுகளில் 1,000, 1,200 என்றுதான் போட்டிருக்கிறது.

2011-ல் ஆஸ்திரேலியாவில் 50 பேரைக் கடுமையான டயட்டில் 10 வாரம் வைத்துப் பார்த்தார்கள். ஒரு வருடம் கழித்துச் சோதித்தபோதும் பசியைக் கிளப்பும் ஹார்மோன் கூடுதலாகவும், "போதும்" என்று சொல்லும் ஹார்மோன்கள் குறைவாகவுமே இருந்தன. டயட்டை விட்டு வருடமாகியும் உடம்பு அதை மறக்கவில்லை. இதை உங்கள் கணவருக்கும் படித்துக் காட்டுங்கள்.

சரி, இனி என்ன செய்வது? நான்காவது தடவையும் பத்து கிலோ என்று கிளம்பாதீர்கள். நான்கு கிலோ போதும். அதற்கு மூன்று மாதம் எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் இரண்டு மாதம் குறைக்கவே முயலக் கூடாது. ஏறாமல் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். இறக்கத் தெரிவது ஒரு வித்தை, இறக்கியதை நிறுத்தத் தெரிவது இன்னொரு வித்தை. முதல் வித்தை உங்களுக்கு வந்துவிட்டது. இரண்டாவதைப் பழக இதுவரை ஒரு மாதம்கூடக் கொடுத்திருக்க மாட்டீர்கள். பத்தாவது கிலோ இறங்கிய மறுநாளே டயட் முடிந்தது என்று பழைய சாப்பாட்டுக்குப் போயிருப்பீர்கள். நானும் இரண்டு முறை அதைத்தான் செய்தேன்.

அந்த இரண்டு மாதம் என்ன சாப்பிடுவது மேடம்? (அதே வாசகி)

குறைக்கும்போது சாப்பிட்டதே, கூட ஒரு இட்லி அல்லது ஒரு கரண்டி சோறு. வெள்ளிக்கிழமை காலையில் மட்டும் எடை பாருங்கள். ஒன்றரை கிலோவுக்கு மேல் ஏறியிருந்தால் இரண்டு வாரம், குறைக்கும்போது சாப்பிட்ட அளவுக்கே போய்விட்டு வாருங்கள். மனசும் உடம்பும் இளைப்பாறத்தான் இந்த மாதங்கள். அதை வீண் என்று நினைத்துத் தாண்டிப் போகிறவர்கள்தான் சீக்கிரம் களைத்துப்போகிறார்கள்.

முதல் வாரம் 3 கிலோ குறைந்தது. அப்புறம் நான்கு வாரமாக முள் அசையவில்லை. மெஷின் கோளாறா, நான் கோளாறா?

இரண்டும் இல்லை. நம் தசையிலும் கல்லீரலிலும் மாவுச்சத்து சேமிப்பு இருக்கிறது. அதில் ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்துவைத்திருக்கும். சாப்பாட்டைக் குறைத்ததும் முதலில் கரைவது அந்தச் சேமிப்பும் தண்ணீரும்தான். முதல் வாரத்து 3 கிலோவில் பெரும்பகுதி அதுவே. அதை அளவுகோலாக வைத்துக்கொண்டால் அடுத்த வாரம் ஏமாற்றம்தான் மிஞ்சும். ஊறுகாய், அப்பளம், மாதவிலக்குக்கு முந்தைய நாட்கள், முதல் நாள் செய்த கடும் உடற்பயிற்சி எல்லாமே தண்ணீரைத் தேக்கி, குறைந்த கொழுப்பை மெஷினில் தெரியாமல் மறைத்துவிடும். தையல்காரர் டேப் ஒன்று வாங்கி மாதம் ஒரு முறை இடுப்பை அளந்து எழுதிவையுங்கள். நம் நாட்டவருக்குச் சொல்லப்படும் எல்லை பெண்களுக்கு 80 செ.மீ., ஆண்களுக்கு 90 செ.மீ. நான்கு வாரம் எடையும் அசையாமல் டேப்பும் அசையாமல் இருந்தால்தான் சாப்பாட்டைத் திரும்பப் பார்க்க வேண்டும்.

அக்கா, சென்னையில் ஐடி வேலை, நைட் ஷிஃப்ட். 20 நாள் ஒழுங்காகப் போகும். 21-ஆம் நாள் டீமில் யாராவது பிரியாணி ட்ரீட் வைப்பார்கள். அன்றோடு எல்லாம் போச்சு. அடுத்த மாதம் பார்க்கலாம் என்று விட்டால் மூன்று மாதம் ஓடிவிடுகிறது.

தம்பி, அந்தப் பிரியாணியைக் கணக்குப் பார்ப்போம். ஒரு கிலோ கொழுப்பு சேர, தேவைக்கு மேல் சுமார் 7,700 கலோரி உள்ளே போக வேண்டும். பிரியாணி, சிக்கன் 65, ஐஸ்கிரீம் எல்லாம் சேர்த்து அன்று தேவைக்கு மேல் 1,500 போனது என்றே வைத்துக்கொள்வோம். 200 கிராம். அவ்வளவுதான் பிரியாணியின் பங்கு. மீதி ஏறியது, "போச்சு" என்று விட்ட மூன்று மாதத்தில்.

2010-ல் லண்டனில் 96 பேரிடம் பழக்கம் எப்படி உருவாகிறது என்று ஆராய்ந்தார்கள். ஒரு செயல் தன்னால் வரும் பழக்கமாக, நடுவாகப் பார்த்தால் 66 நாள் ஆனது. சிலருக்கு 18, சிலருக்கு 254 நாள் வரை என்று கணக்கு வந்தது. எனக்குப் பிடித்தது அடுத்த விஷயம்: நடுவில் ஒரு நாள் தவறியவர்களுக்குப் பழக்கம் குலையவில்லை. ஒரு நாளைத் தவற விடலாம். அடுத்த நாளையும் தவற விடாமல் இருப்பதற்கு ஒரு ஏற்பாடு வேண்டும், அவ்வளவே.

நான் அதைக் "குறைந்தபட்ச நாள்" என்று சொல்வேன். எவ்வளவு மோசமான நாளிலும் செய்ய முடிகிற இரண்டே விஷயங்களை முன்கூட்டியே முடிவு செய்துவைப்பது. என்னிடம் வரும் பூக்கடைக்காரம்மா ஒருவர், விடிகாலை மூன்று மணிக்கு மார்க்கெட் போகிறவர், வீட்டு நாள் காலண்டரில் கிழிக்கும் தாளின் பின்னால் அன்று நடந்த நிமிடங்களை எழுதி ஒரு கிளிப்பில் மாட்டிவைப்பார். ஒரு நாள் அதை அப்படியே கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். 30, 25, 30 என்று போய்க்கொண்டே இருந்தது. நடுவில் பதினொரு தாள் மட்டும் 5, 5, 3 என்று இருந்தது. ஒன்றில் எண்ணே இல்லை, "மாடிப்படி ஏறினேன்" என்று மட்டும் எழுதியிருந்தார். மகன் கால் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்கள் அவை. பன்னிரண்டாவது தாளில் மறுபடி 20. முப்பதுகளைவிட அந்தப் பதினொரு தாளைத்தான் நான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உங்களுக்கு: ஷிஃப்ட் இடைவேளையில் பத்து நிமிட நடை, இரவில் குளிர்பானத்துக்குப் பதில் மோர் அல்லது தண்ணீர். பிரியாணி சாப்பிட்ட நாளிலும் இந்த இரண்டும் உண்டு.

தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறேன். அதனால்தான் குறையவில்லையா?

தைராய்டு சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் ரத்தப் பரிசோதனை டி.எஸ்.எச். மாத்திரையால் அந்த அளவு சரியாக இருந்தால், தைராய்டு உங்களைத் தடுக்கவில்லை. தைராய்டு குறைவால் கூடுவது பெரும்பாலும் சில கிலோதான், அதிலும் நிறைய உப்பும் தண்ணீரும். பரிசோதனை செய்து ஆறு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தால் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

சோற்றை அடியோடு விட்டால்தான் குறையும் என்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் விடுகிறேன், ஒரு மாதம் தாங்குவதில்லை.

தாங்காது. பிறந்ததிலிருந்து சாப்பிட்டதை வாழ்நாளுக்கும் விட்டுவிட முடியும் என்று நினைத்தால் விடுங்கள். ஒரு மாதத்துக்கு என்றால் வேண்டாம். சோற்றைப் பாதியாக்கி, கூட்டு, பொரியலை இரட்டிப்பாக்கி, முட்டை, மீன், சுண்டல் என்று ஏதாவது ஒன்றைத் தட்டில் சேர்த்தாலே பசி தள்ளிப்போகும்.

சோற்றையே பார்த்துக்கொண்டிருப்பதில் எண்ணெய் தப்பிவிடுகிறது. ஒரு மேஜைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி. தோசைக்கல்லைச் சுற்றி ஊற்றுவதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. மாதம் பிறந்ததும் தலைக்கு அரை லிட்டர் என்று அளந்து தனி பாட்டிலில் ஊற்றிவையுங்கள். எந்தத் தேதியில் அது காலியாகிறது என்று மட்டும் பாருங்கள். எங்கள் வீட்டில் முதல் மாதம் 17-ஆம் தேதி காலியானது.

அக்கா, எனக்கு 20 வயது, ஹாஸ்டல். காலையும் மதியமும் சாப்பிட மாட்டேன். ராத்திரி அடக்க முடியாமல் பிஸ்கட், சிப்ஸ் என்று பாக்கெட் பாக்கெட்டாகத் தின்றுவிட்டு அழுவேன். சில நாள் விரலை விட்டு வாந்தி எடுத்திருக்கிறேன். யாருக்கும் தெரியாது.

நீ இதை எழுதியது நல்லதாகப் போயிற்று, கண்ணு. எடைக் குறைப்பை இப்போதைக்கு முழுசாக நிறுத்திவிடு. உனக்குக் கட்டுப்பாடு இல்லாததால் நடப்பதல்ல இது. பகலெல்லாம் பட்டினி போட்ட உடம்பு ராத்திரி பழி வாங்கத்தான் செய்யும். ஆனால் அப்புறம் வாந்தி எடுக்கிறாய் பார், அது சிகிச்சை தேவைப்படும் இடம். வாந்தி தொடர்ந்தால் ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்பையே பாதிக்கும். இதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது, குணமாகிறவர்கள் நிறைய. 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்குப் போன் செய். மத்திய அரசின் இலவச மனநல உதவி எண், 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். அவர்கள் வழியாகவோ நேராகவோ ஒரு மனநல மருத்துவரைப் பார். அம்மா, அக்கா, அறைத் தோழி, யாராவது ஒருவரிடம் இன்றைக்கே சொல். நாளைக் காலையில் மெஸ்ஸில் என்ன இருக்கிறதோ அதைச் சாப்பிடு. மயக்கம், நெஞ்சுப் படபடப்பு இருந்தால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போ.

ஒரு வருடம் பாடுபட்டு இரண்டு கிலோதான் குறைந்தது. சர்க்கரை எல்லையில் இருக்கிறது என்றார் டாக்டர். இவ்வளவு கஷ்டத்துக்கு இதுதானா பலன்?

உங்கள் மாதிரி எல்லையில் இருந்த 531 பேரைச் சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் மூன்று வருடம் தொடர்ந்து பார்த்து, 2006-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். வழக்கமான அறிவுரையோடு விட்டவர்களில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. உணவையும் நடையையும் மாற்றியவர்களில் 39 சதவீதம் பேருக்கே வந்தது. அப்படி மாற்றியவர்களுக்கு எடை சொல்லும்படி குறையவே இல்லை! எடை மெஷினில் தெரியாத பலன் ரத்தத்தில் தெரியும். மூன்று மாத சராசரி சர்க்கரையை, எச்.பி.ஏ.1.சி., போன வருடத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டு கிலோ என்ற எண்ணை அதற்குப் பக்கத்தில் வைத்து எடை போடுங்கள்.

58 வயது, முழங்கால் வலி. நடக்கச் சொன்னால் அழுகைதான் வருகிறது.

நடக்க வேண்டாம்மா. நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி மடக்குவது, கையைத் தூக்கி இறக்குவது என்று தொடங்குங்கள். பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் ஒரு தடவை காட்டிக்கொள்ளுங்கள். எடையில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வொரு அடி வைக்கும்போதும் முழங்கால் மேல் விழும் சுமையில் நான்கு கிலோ குறைகிறது. மூன்று கிலோ குறைந்தாலே கால் அதைச் சொல்லும்.

எடை குறைக்க இப்போது வந்திருக்கும் ஊசி போட்டுக்கொள்ளலாமா?

செமாக்ளூடைட், டிர்செபடைட் இரண்டும் நிஜமாகவே வேலை செய்கின்றன. போட்டுக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஆனால் செமாக்ளூடைட் ஆய்வில் நிறுத்திய ஒரு வருடத்துக்குள், குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்ப ஏறியது. எத்தனை காலம் போடுவது, செலவு தாங்குமா, புரதமும் உடற்பயிற்சியும் எப்படி என்று மருத்துவரோடு முடிவு செய்த பிறகு ஆரம்பியுங்கள். கடையில் தானாக வாங்கிப் போடாதீர்கள்.

அக்கா, நைட் ஷிஃப்ட் தம்பிதான். படித்தேன். வர்ற திங்கட்கிழமை ஆரம்பிக்கட்டுமா?

இன்றைக்கு வியாழன் தம்பி. ஷிஃப்ட் எத்தனை மணிக்கு இடைவேளை விடுகிறார்கள்? அப்போது எழுந்து பார்க்கிங் வரை போய்விட்டு வாருங்கள். எத்தனை நிமிடம் ஆனது என்று ஒரு தாளில் எழுதி எனக்குச் சொல்லுங்கள்.