புகையிலைக் கஷாயம்: காய்ச்சுவதும் வடிப்பதும்

சேரன்மகாதேவிப் பக்கம் கத்தரியும் வாழையும் பயிரிட்டுக்கொண்டு, பூச்சிகளுக்குத் தெளிக்கும் புகையிலைக் கஷாயத்தை இருபது ஆண்டுகளாகக் கையாண்டு வருகிறேன். அண்ணாச்சி என்று அழைத்து நம் வட்டாரத்தார் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

இராதாபுரத்திலிருந்து ஒருவர்: கத்தரிக் குருத்தில் அசுவினி அப்பிக் கிடக்கிறது. கஷாயத்துக்கு அளவு என்ன? காய்ப்புழுவும் இதிலேயே போய்விடுமா?

ஒரு கிலோ புகையிலைக் கழிவுக்கு, அதாவது காம்பும் தூளும் சேர்ந்ததற்கு, பத்து லிட்டர் தண்ணீர் ஊற்றி அரை மணி நேரம் கொதிக்கவிட்டு, ஆறியபின் வடித்து, முப்பது லிட்டராக விளாவிக்கொள்ள வேண்டும். தெளிக்கும் முன் 90 கிராம் பார் சோப்பைச் சீவிக் கரைத்துச் சேர்க்க வேண்டும். அசுவினி, இலைப்பேன் போன்ற மெல்லுடல் கொண்ட சாறுறிஞ்சிகளின் மேல் நேராகப் படும்போதுதான் இது வேலை செய்யும். காய்க்குள் புகுந்துவிட்ட புழுவுக்கு இதனால் ஒன்றும் ஆகாது. அதற்காகக் கஷாயத்தின் வீரியத்தைக் கூட்டுவது வீண். தாக்குண்ட குருத்தையும் காயையும் கிள்ளி அழிப்பதே வழி.

களக்காட்டு வாழை விவசாயி: மூன்று முறை வடித்தும் தெளிப்பான் முனை அடைத்துக்கொள்கிறது. என்ன தவறு?

சுடச்சுட வடிப்பதுதான் தவறாக இருக்கும். கொதித்த நீரில் கரைந்திருக்கும் பிசினும் பசையும் ஆறும்போது மறுபடி திரண்டு வரும். ஆகையால் வடிக்கும்போது தெளிவாக இருந்தது, தெளிப்பானுக்குள் போனபின் கலங்கிவிடுகிறது. நான் முதலில் மூங்கில் கூடையில் சக்கையை மட்டும் நீக்கிவிட்டு, நீரை ஒரு வாளியில் மூடி இரவு முழுவதும் அசைக்காமல் வைப்பேன். காலையில் பார்த்தால் மேலே டிக்காஷன் நிறத்தில் தெளிந்த நீரும், அடியில் இரண்டு விரற்கடைக்குக் களிம்பு போன்ற வண்டலும் இருக்கும். தெளிந்ததை மட்டும் மெல்லச் சாய்த்து, நான்காக மடித்த பழைய பருத்தி வேட்டியில் ஊற்றினால் போதும். துணியில் நீர் தேங்கி நின்றாலும் அதைப் பிழியக் கூடாது; பிழிந்தால் தடுத்து வைத்த தூள் அத்தனையும் நெய்தலின் இடைவெளியில் நுழைந்து வெளியே வந்துவிடும்.

பிழியக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தொடக்க காலத்தில் அவசரப்பட்டு வெறுங்கையால் அந்தத் துணியை முறுக்கிப் பிழிந்தேன். சிறிது நேரத்தில் தலை சுற்றி, உடம்பெல்லாம் சில்லென்று வியர்த்து, பம்புசெட் கொட்டகைச் சுவரில் சாய்ந்து வாந்தி எடுத்தேன். நிக்கோட்டின் தோல் வழியாகவே உடலுக்குள் இறங்கும் நஞ்சு. அன்றிலிருந்து ரப்பர் கையுறை இல்லாமல் இந்த வாளியைத் தொடுவதில்லை. காய்ச்சுவதும் வீட்டு அடுப்பிலோ சமையல் பாத்திரத்திலோ இல்லை.

வள்ளியூர்: சோப்புப் போட்டவுடன் வெள்ளைத் திரியாகத் திரிகிறதே?

அது உங்கள் கிணற்று நீரின் குணம். கடின நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்து சோப்போடு சேர்ந்து கரையாத கசடாகிறது. இலையில் ஒட்டுவதற்குச் சோப்பும் மிஞ்சாது, முனையும் அடைபடும். ஆற்றுக்கால் நீரையோ பிடித்து வைத்த மழைநீரையோ பயன்படுத்துங்கள். நல்ல நீரில் கரைந்த சோப்பு ஒட்டுவதற்கு மட்டும் உதவுவதில்லை. அதன் காரத்தன்மை நிக்கோட்டினைப் பூச்சியின் உடலுக்குள் எளிதில் ஊடுருவும் நிலைக்கு மாற்றுகிறது.

பாளையங்கோட்டை மாடித்தோட்டத்துச் சகோதரி: கொதிக்க வைக்காமல் ஊறவைத்தால் ஆகாதா? தக்காளிக்கு அடிக்க வேண்டும்.

ஒரு நாள் ஊறவைத்தாலும் சாறு இறங்கும். ஆனால் தக்காளி, மிளகாய், கத்தரி ஆகியவை புகையிலையின் குடும்பத்தைச் சேர்ந்தவை. புகையிலைத் தேமல் வைரஸ், பதப்படுத்திக் காய்ந்த இலையிலும் உயிர்ப்போடு தங்கியிருந்து இந்தச் செடிகளுக்குத் தொற்றக்கூடியது. வேட்டியை எட்டாக மடித்தாலும் அந்தக் கிருமி தப்பிவிடும். அரை மணிக் கொதிக்குத் தப்பாது. ஆகவே நீங்கள் காய்ச்சியே ஆக வேண்டும், அம்மா. மாடியில் ஒரு தனி அடுப்பு வைத்து, ஆவி உங்கள் மேல் படாதபடி, காற்று வரும் பக்கமாக நின்று காய்ச்சுங்கள்.

அம்பாசமுத்திரம்: மிச்சத்தை எத்தனை நாள் வைக்கலாம்?

வைக்க வேண்டாம். ஒரு முறை தெளிக்கத் தேவையானதை மட்டும் காய்ச்சுங்கள். மாலையில், தேனீக்கள் அடங்கியபின் தெளியுங்கள். தெளித்த செடியில் ஒரு வாரம் காய் பறிப்பதில்லை என்பது என் வீட்டு வழக்கம்.

திசையன்விளை இளைஞர்: இதையே நன்றாக வடித்து, மின்சிகரெட்டுக்குப் புகையிலை மணச் சாறாகப் பயன்படுத்தலாமா, அண்ணாச்சி?

கூடாது, தம்பி. துணியானாலும் காப்பி வடிதாளானாலும் அது மிதப்பதைத்தான் தடுக்கும், கரைந்ததைத் தடுக்காது. நிக்கோட்டினும், புற்றுநோய்க்குக் காரணமான நைட்ரோசமைன்களும் கரைந்த நிலையில் இருப்பவை. ஆகவே கண்ணாடி போலத் தெளிந்த சாற்றிலும் அவை அப்படியே இருக்கும். எவ்வளவு இருக்கிறது என்பதை வீட்டில் அளக்கவும் வழியில்லை. இலையின் சர்க்கரையும் பிசினும் சூடாகும் கம்பிச்சுருளில் கருகிப் படிவதும் தனித் தொல்லை. சட்டமும் இடம் தராது: தமிழ்நாடு 2018-லேயே மின்சிகரெட்டைத் தடை செய்தது, 2019-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டப்படி அதைத் தயாரிப்பதோ விற்பதோ முதல் முறையிலேயே ஓராண்டு வரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ பெறத்தக்க குற்றம். நிக்கோட்டின் சல்பேட் என்ற பூச்சிக்கொல்லியையே நம் நாட்டு வயலில் பயன்படுத்தத் தடை இருக்கும்போது, பூச்சிக்குக் காய்ச்சிய சாற்றை நுரையீரலுக்கு இழுப்பானேன்?

நாங்குநேரி: வடித்த சக்கையை என்ன செய்வது?

சக்கையிலும் வண்டலிலும் நஞ்சு மிச்சமிருக்கும். ஆடு மேயாத இடத்தில், கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் எட்ட, குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள். தக்காளி, மிளகாய்ப் பாத்தியில் மட்டும் உரமென்று போட்டுவிடாதீர்கள்.