சிவப்பின் மேல் பழி போடாதீர்கள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சிங்கப்பூரில் வேலை பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நான்கைந்து குடும்பங்கள் கூடும்போது மேஜிக்: த கேதரிங் என்ற கார்டு விளையாட்டை ஆடுவோம். எல்லாராலும் கார்டு வாங்கிச் சேர்க்க முடியாது. அதனால் எளிதாகக் கிடைக்கும் காமன் கார்டுகளை மட்டும் வைத்து, 60 கார்டு டெக் (கட்டு) நான்கு நானே போட்டு வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் ஒன்றை எடுத்து ஆட வேண்டியதுதான். ஒன்று முழுச் சிவப்பு, 20 மவுண்டன் (சிவப்பு லேண்ட்). மற்ற மூன்றும் இரு நிறம்: வெள்ளை-நீலத்தில் பறக்கும் கிரீச்சர்கள், கருப்பு-பச்சையில் கல்லறை டெக், சிவப்பு-பச்சையில் பெரிய மிருகங்கள். மற்றக் கார்டுகளைப் போடத் தேவையான மனாவை, அதாவது சக்தியை, டர்னுக்கு ஒன்றாக இறக்கும் லேண்ட் கார்டுகள்தான் தரும். லேண்ட் கூடினால் ஆட்டம் போரடிக்கும் என்று இவற்றிலும் 20தான் வைத்தேன். அதில் 12 இருநிற லேண்ட் (இரண்டு நிறத்தில் எந்த மனாவையும் தருவது).

சிவப்புதான் எப்போதும் ஜெயிக்கிறது. லைட்னிங் போல்ட் உட்பட எந்தெந்தக் கார்டை எடுத்தால் நான்கும் சமமாகும்? ஒவ்வொரு டெக்கிலும் ஆசைக்கு விலையுயர்ந்த கார்டு ஒன்று சேர்க்கலாமா? பூஸ்டர் பெட்டி (உள்ளே எந்தக் கார்டு இருக்கும் என்று தெரியாத பாக்கெட்டுகள்) வாங்கிப் பிரித்தால் செலவு குறையுமா? கார்டுகளை அச்சடித்து வைத்துக்கொள்வது தவறா?

நண்பரின் மகள், 12 வயது, எப்போதும் வெள்ளை-நீலத்தைத்தான் எடுப்பாள். தோற்றால் "கையில நிறைய கார்டு இருந்துச்சு, போடத்தான் முடியல" என்று கோபித்துக்கொண்டு எழுந்து போய்விடுகிறாள். பொறுமை இல்லாத பிள்ளை.

ச.

அன்புள்ள ச.,

சின்னக் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். பூஸ்டர் பெட்டி வேண்டாம். டெக் போடுகிறவன் வேண்டிய கார்டைத் தனித்தனியாக வாங்க வேண்டும், அதிலும் காமன் கார்டுக்காகப் பூஸ்டர் பிரிப்பது வீண். அச்சடித்த கார்டு வீட்டு ஆட்டத்துக்குப் போதும். அதிகாரபூர்வப் போட்டிக்குக் கொண்டுபோகக் கூடாது, விற்கவும் கூடாது. பின்பக்கம் தெரியாத ஸ்லீவில் (உறையில்) போடுங்கள், நான்கு டெக்குக்கும் நான்கு நிற ஸ்லீவ். கலந்துபோனால் பிரிப்பதற்கும் அது உதவும்.

விலையுயர்ந்த கார்டு ஒன்று சேர்க்கும் யோசனைக்கு மட்டும் ஒரு பழைய கதை. 2013இல் மேஜிக்கை வெளியிடும் கம்பெனியான விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் ஐந்து கமாண்டர் டெக்குகளை வெளியிட்டது. கமாண்டர் என்பது ஆளுக்கு ஒரு தலைவர் கார்டோடு பலர் சேர்ந்து ஆடும் வகை. 'மைண்ட் சீஸ்' என்ற டெக்கில் 'ட்ரூ-நேம் நெமஸிஸ்' என்ற கார்டு இருந்தது. நீங்கள் பெயர் சொல்லும் ஓர் ஆட்டக்காரரால் அதைத் தொடவே முடியாது. நான்கு பேர் ஆடும் மேசையில் அது ஒருவரை மட்டும்தான் கட்டிப்போடும். பழைய கார்டுகளையும் அனுமதிக்கும், இருவர் மட்டும் ஆடும் லெகசி என்ற வகை ஆட்டத்திலோ எதிரே இருப்பதே அந்த ஒருவர்தான்! லெகசி ஆடுகிறவர்கள் அந்த ஒரு கார்டுக்காகப் பெட்டியை அள்ளிக்கொண்டு போனார்கள், கமாண்டர் கற்றுக்கொள்ள வந்தவருக்கு அது கிடைப்பது கஷ்டமாயிற்று. உங்கள் வீட்டில் யாரும் அள்ளிக்கொண்டு போகப்போவதில்லை. ஆனால் அந்தக் கார்டு வந்த ஆட்டமெல்லாம் அதைப் பற்றிய ஆட்டமாகிவிடும், வராத ஆட்டத்தில் அதற்குக் கொடுத்த காசு தண்டம்.

இனி அந்தப் பெண் சொன்னதற்கு வருகிறேன். உங்கள் கடிதத்திலேயே உருப்படியான ஒரே வாக்கியம் அவளுடையது. அதைக் கடைசியில் குறையாக எழுதி, "பொறுமை இல்லாத பிள்ளை" என்று முத்திரையும் குத்திவிட்டீர்கள். கார்டு வரவில்லை என்று அவள் சொல்லவில்லை, வந்ததைப் போட முடியவில்லை என்கிறாள். பல வருடம் ஆடியவர்களில் பாதிப்பேருக்கு இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. அவள் பிரித்துச் சொன்ன பிறகும் நீங்கள் லைட்னிங் போல்டை எடுக்கலாமா என்று என்னிடம் கேட்கிறீர்கள்.

கொஞ்ச நாளாகவே என் மனதில் ஓடிக்கொண்டிருப்பது இதுதான். மலிவாக டெக் போடுகிறவர்கள் எல்லாரும் லேண்டில்தான் கைவைக்கிறார்கள். முழுவேகத்தில் வரும் (இறங்கிய டர்னிலேயே மனா தரும்) இருநிற லேண்டுதான் பெரும்பாலும் விலை கூடியது என்பதால், கம்பெனி போட்டு விற்கும் டெக்கிலும் முதலில் அடிவாங்குவது அதுவே. வீட்டில் போடுகிறவர் எண்ணிக்கையையும் சேர்த்து வெட்டுகிறார். கல்யாண வீட்டில் பதினெட்டு வகைக் கறி செய்துவிட்டுச் சோற்றைக் குறைத்த கதைதான்.

உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 60 கார்டில் 20 லேண்ட் என்றால், முதலில் எடுக்கும் ஏழு கார்டில் ஒரு லேண்டோ அதுவும் இல்லாமலோ கை அமைய 24.7 சதவீத வாய்ப்பு. நான்கு ஆட்டத்துக்கு ஒன்று ஆரம்பிக்கும் முன்பே கோணல். 24 லேண்ட் வைத்தால் அது 14.3 சதவீதம், ஏழுக்கு ஒன்று. முதலில் ஆடுகிறவர் நான்காவது டர்னில் மொத்தம் 10 கார்டு பார்த்திருப்பார். 20 லேண்ட் டெக்கில் அதில் சராசரியாக 3.3 லேண்ட், 24இல் சரியாக 4. சிவப்பு டெக்குக்கு 3.3 தாராளம். ஒரு மனாவுக்கு மூன்று டேமேஜ் தரும் போல்ட்டை வைத்துக்கொண்டு ஆடுகிறவனுக்கு நான்காவது லேண்ட் எதற்கு? வெள்ளை-நீலத்தில் நான்கு மனாவுக்குக் குறைந்து உருப்படியான பறவை எத்தனை வைத்திருக்கிறீர்கள்? சிவப்பு-பச்சை மிருகங்கள் ஐந்து, ஆறு மனா கேட்குமே? சிவப்புக்குச் சரியான அந்த 20ஐ மற்ற மூன்றுக்கும் அப்படியே போட்டதுதான் கோளாறு.

அடுத்தது அந்த 12. காமன் இருநிற லேண்ட் என்றால் பெரும்பாலும் டேப் ஆகி வருவதுதான், அதாவது இறங்கிய டர்னில் மனா தராது. 2014 கான்ஸ் ஆஃப் டார்கிர் என்ற கார்டு வெளியீட்டில் வந்த ட்ரான்குவில் கோவ், ஜங்கிள் ஹாலோ வகை ஒரு லைஃப் தரும், ஆனால் டேப் ஆகித்தான் வரும். 2012இல் வந்த கில்ட்கேட்டும் அப்படியே. எவால்விங் வைல்ட்ஸ் என்ற லேண்ட் டெக்கிலிருந்து தேடித் தரும் பேசிக் லேண்டும் (சாதாரண ஒருநிற லேண்ட்) டேப் ஆகித்தான் இறங்கும். (அதோடு ஒவ்வொரு முறையும் டெக்கைக் கலைக்க வேண்டும். கார்டு கலைக்கப் பழகாதவர்கள் இருக்கும் மேசையில் அதைத் தவிர்ப்பது நல்லது.)

டேப் ஆகி வரும் லேண்ட் ஒரே ஒரு மனாவைத்தான் தின்கிறது, அதுவும் வந்த டர்னில் மட்டும் என்பார்கள். ஒரு மனாவோடு அது நிற்பதில்லை. இரண்டாவது டர்னில் டேப் ஆகி வந்தால் உங்களிடம் இருப்பது ஒரு மனா. கையில் இருப்பதெல்லாம் இரண்டு, மூன்று மனா கார்டு. அந்த மிச்ச ஒன்றுக்கும் வேலை இல்லை, இரண்டும் போச்சு. மூன்றாவது டர்னில் இன்னொன்று டேப் ஆகி வந்தால் மூன்று மனாப் பறவைக்குப் பதில் இரண்டு மனாவுக்கு ஏதாவது போடுவீர்கள், அதுவும் இருந்தால். உங்கள் டெக்கில் முதல் 10 கார்டில் சராசரி இரண்டு இப்படி வரும். அதற்குள் சிவப்பு ஒவ்வொரு டர்னும் கையிலிருந்ததைக் கக்கிவிட்டிருக்கும். அந்தப் பெண் ஏழு கார்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இதில் பொறுமைக்கு எங்கே இடம்?

12 எதற்கு வைத்தீர்கள் என்று புரிகிறது, நிறம் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று. எண்ணிப் பாருங்கள்: 12 இருநிறம், 4 பிளெயின்ஸ் (வெள்ளை லேண்ட்), 4 ஐலண்ட் (நீல லேண்ட்). வெள்ளை தரும் லேண்ட் 16, நீலம் தருவதும் 16. இப்போது 24 லேண்ட் போடுங்கள்: 8 இருநிறம், 8 பிளெயின்ஸ், 8 ஐலண்ட். அதே 16, அதே 16. டேப் ஆவது நான்கு குறைந்தது, மொத்தம் நான்கு கூடியது, செலவு கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. பேசிக் லேண்டைப் பல கடைகளில் சும்மாவே கொடுப்பார்கள். எட்டுக்கும் கீழே போகவும் வேண்டாம். இருநிற லேண்டே இல்லாமல் 12 பிளெயின்ஸ், 12 ஐலண்ட் என்று வைத்தால், இரண்டாவது டர்ன் வரை பார்க்கும் எட்டுக் கார்டில் வெள்ளை தரும் லேண்ட் ஒன்றுகூட வராமல் போக ஏறக்குறைய 15 சதவீத வாய்ப்பு. எட்டு இருநிறம் வைத்தால் அது 7 சதவீதம்.

அந்த எட்டு பிழைக்க இன்னொரு வேலையும் செய்ய வேண்டும். முதல் டர்னிலேயே இறக்கியாக வேண்டிய ஒரு மனா கிரீச்சர்களை இந்த டெக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். முதல் டர்னில் எதுவும் போடப்போவதில்லை என்றால் அப்போது டேப் ஆகி வரும் லேண்டுக்கு நஷ்டமே கிடையாது. அதற்குப் பதில் எந்த டர்னிலும் பயன்படும் ஒரு மனா ஸ்பெல் நான்கிலிருந்து ஆறு வையுங்கள். நீலத்தில் போண்டர், ப்ரீஆர்டெய்ன் இருக்கின்றன. இரண்டாவது, நான்காவது டர்னில் மிஞ்சும் ஒற்றை மனாவை அவை விழுங்கிக்கொள்ளும்.

கருப்பு-பச்சையில் கோல்காரி ராட் ஃபார்ம் என்ற லேண்டை வைத்திருக்கிறீர்களா? இரண்டுக்கு மேல் வேண்டாம். இரண்டு மனா தரும், ஆனால் டேப் ஆகி வரும், வரும்போது ஒரு லேண்டைக் கைக்குத் திருப்பி அனுப்பும். அது மட்டுமே லேண்டாக இருக்கும் கையை வைத்துக்கொண்டால் தன்னையே திருப்பி அனுப்பிக்கொள்ளும். புதியவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இது. கமாண்ட் டவர் என்ற லேண்டும் காமனாகக் கிடைக்கிறதே என்று 60 கார்டு டெக்கில் வைப்பவர்களைப் பார்க்க முடிகிறது. கமாண்டர் இல்லாத ஆட்டத்தில் அது ஒரு மனாவும் தராது.

சிவப்பு-பச்சையை நான் கலைத்துவிடுவேன். முழுப் பச்சையாக்குங்கள். 20 ஃபாரஸ்ட் (பச்சை லேண்ட்), அதற்கு மேல் மனா தரும் கிரீச்சரான லானோவார் எல்வ்ஸ் நான்கு. மலிவு டெக்குக்கு ஒற்றை நிறம்தான் பெரிய வரப்பிரசாதம். நிறம் மாட்டாது, டேப் ஆகாது. மனா தரும் இந்த 24 கார்டு போக மிச்சம் 36. அதில் ஆறு கார்டு நான்கு நான்காக, ஆறு கார்டு இரண்டு இரண்டாக. ஆட்டத்துக்கு ஆட்டம் மாறவும் செய்யும், டெக் என்ன செய்யப் பார்க்கிறது என்று எடுத்தவருக்குப் புரியவும் செய்யும். 1997இல் டெம்பெஸ்ட் என்ற வெளியீட்டோடு கம்பெனியே போட்டு விற்ற முதல் தீம் டெக்குகளிலிருந்தே ஒற்றை ஒற்றையாகப் பல வகையைக் கொட்டும் பழக்கம் இருக்கிறது. பார்வைக்கு விருந்து, கைக்கு வேதனை.

போல்ட்டைப் பற்றிக் கேட்டீர்கள். ஒரு கார்டின் பலம் அது இருக்கும் பட்டியலைப் பொறுத்தது. 2011இல் ஸ்டோன்ஃபோர்ஜ் மிஸ்டிக் என்ற கார்டை ஸ்டாண்டர்ட் என்ற போட்டி வகையில் தடைசெய்தபோது, 'வார் ஆஃப் அட்ரிஷன்' என்ற ரெடிமேட் டெக்கில் மட்டும் அதை விட்டுவைத்தார்கள். நிபந்தனை ஒன்றுதான், பட்டியலில் ஒரு கார்டும் மாறக் கூடாது. சிவப்பை இப்போதைக்குத் தொடவேண்டாம். எதிரிகள் மூவரும் ஒழுங்காக லேண்ட் போட்டு ஆடிய பிறகு பார்க்கலாம்.

திருத்தியதும் ஒவ்வொரு ஜோடியையும் ஆறு ஆட்டம் ஆடுங்கள், முதலில் ஆடுவது மாறி மாறி. ஜெயம் தோல்வியை எண்ண வேண்டாம். ஆறில் நான்கு, இரண்டு என்பதற்கு எந்த அர்த்தமும் இல்லை. தோற்றவர் கையில் ஆட்டம் முடியும்போது போட முடியாமல் நின்ற கார்டு எத்தனை என்று எழுதுங்கள். இரண்டுக்கு மேல் அடிக்கடி வந்தால் லேண்டையோ கார்டுகளின் மனா விலையையோ திருத்த வேண்டும். அந்தக் குறிப்பை எழுதும் வேலையை அந்தப் பெண்ணிடம் கொடுங்கள், எதைப் பார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். வீட்டில் ஆடும்போது முதல் மல்லிகனை இலவசமாக்குங்கள்: கை சரியில்லை என்றால் ஏழையும் மாற்றி ஏழையே எடுக்கலாம்.

எடுத்துப்போட்ட இருநிற லேண்டுகளைத் தூக்கி எறியாதீர்கள். என்றாவது நால்வர் மேசைக்குக் கமாண்டர் டெக் போடுவீர்கள். அங்கே ஆளுக்கு 40 லைஃப், முதல் சில டர்ன் யாரும் யாரையும் பெரிதாக அடிப்பதில்லை, டேப் ஆகி வருவது அவ்வளவாக உறைக்காது. 100 கார்டில் 37 லேண்ட். 33 போதும் என்று யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள்.